நீங்கள் பாத்திட்டு வாங்கோ

அக்காவோடு எங்கே போனாலும் ஒரு நிம்மதி. பையை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழாது.

டெக்சஸில் இர்விங் என்ற ஊரில், அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கென்றே கட்டினதுபோல ஒரு அபார்ட்மென்ட் வளாகம். தொண்ணூறுகளின் நடுவில் நானும் வீட்டுக்காரரும் அங்கே குடியேறினோம். எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருந்தவர்தான் அக்கா. லாங் வீக்கெண்ட் வந்தால் நாலைந்து குடும்பம் சேர்ந்து வேன் எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்புவோம். புளிசாதம், தயிர்சாதம், ஐஸ் பெட்டி, குழந்தைகளுக்கு மாற்று உடுப்பு என்று ஒரு வண்டி மூட்டை. போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் குதித்து இறங்குவோம். அக்காவும் இறங்குவார். சுற்றும் ஒரு தடவை பார்ப்பார். ஊர் பார்க்கிற பார்வை இல்லை அது. வழி எந்தப் பக்கம் என்று பார்க்கிற பார்வை. அப்புறம் நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டுவார்.

"எல்லாத்தையும் இதில வையுங்கோ. நான் இருக்கிறன். நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

சான் அன்டோனியோவில் ஆற்றங்கரை நடைபாதைக்குப் போனபோதும் அப்படித்தான். குகை பார்க்கப் போனபோதும் அப்படித்தான். வேன் ஓட்டி வருகிற தஞ்சாவூர் அங்கிள் ஒருத்தர், இவங்க இருக்கிறதால நமக்கு லாக்கர் செலவு மிச்சம் என்று சீண்டுவார். அக்கா முகத்தில் அசைவே இருக்காது. "ஓம் அங்கிள். உங்கட தயிர்ச்சாதத்தைக் களவெடுக்க ஆள் வருமெண்டு எனக்கும் ஒரே பயம்" என்பார். அங்கிளின் மனைவிதான் அதிகம் சிரிப்பார்.

பார்க்காமல் உட்கார்ந்திருப்பாரே ஒழிய, நாங்கள் திரும்பி வந்ததும் விடமாட்டார். என்ன பாத்தனீங்கள், சொல்லுங்கோ என்று ஒவ்வொருத்தரையாகக் கேட்பார். "நல்லா இருந்துச்சுக்கா" என்றால் ஏற்கமாட்டார். நல்லா இருக்கிறது எண்டால் என்ன நிறம், எவ்வளவு உயரம், சத்தம் கேட்டதோ என்று துருவுவார். பொடிசுகள் இங்கிலீஷில் கொட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் அரை குறையாகப் பார்த்ததை அவர் முழுசாகக் கேட்டு வைத்திருப்பார். ஒரு தடவை நான் பார்க்காத இடத்தைப் பார்த்ததாக அளந்துவிட்டேன். "அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கெண்டு உம்மட மனுசன் இப்பதானே சொன்னவர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஆரஞ்சுச் சுளை ஒன்றை என் கையில் வைத்தார்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். துறைமுகத்தை ஒட்டின தெரு, கத்தோலிக்கக் குடும்பம். நான் ஈரோட்டுக்காரி. முதல் மாசம் அவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது, புரிந்த மாதிரி தலையாட்டுவேன். பிற்பாடு அந்தப் பேச்சுக்காகவே போய் அவர் வீட்டில் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வேலை பார்க்க விசா இல்லை. பகல் பூரா நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவர் வேலை முடிந்து வரும் நேரம்தான் விடிகிற நேரம். ஒரு நர்சிங் ஹோமில் துணி வெளுக்கும் இடத்தில் முழு நாளும் நின்று வேலை. வந்ததும் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொள்வார். "கண் களைச்சுப் போச்சு பிள்ளை. காது மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கு" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அந்தக் காது சாதாரணக் காது இல்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு. திரை எப்போதும் மூடியே கிடக்கிற வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறது யார் என்று சொல்லிவிடுவார். யார் என்பது மட்டுமில்லை. "உம்மட மனுசன் இண்டைக்கு ஆபீசில பேச்சு வாங்கியிருக்கிறார் போல. போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடும்" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

வாசலை ஒட்டிப் போட்டிருந்த சோபாதான் அவர் இடம். கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தோள்பை தொங்கும். பாஸ்போர்ட், ஒரு மாற்று உடுப்பு, துவாய் என்று அவர் சொல்கிற துண்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட். எங்கே கிளம்பறீங்க அக்கா என்று புதுசில் கேட்டேன். ஒரு இடமுமில்லை என்றார். பிஸ்கட் பழசானால் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கி வைப்பார். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று அங்கிளின் மனைவி ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டபோது, அதற்கும் ஒருக்கா வெளிக்கிட்டுப் போய்ப் பார்க்கவேண்டுமே, ஏலாது என்று சொல்லிவிட்டார்.

கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போனது நினைவிருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் படகுத்துறையில் ஃபெர்ரி ஏறப் போய்விட்டார்கள். எனக்குத் தலைவலி, அக்காவோடு தங்கிவிட்டேன். அவர் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஃபெர்ரி ஊதினது பாருங்கள், என் கையிலிருந்த காபி புடவையில் கொட்டிவிட்டது. குழந்தை வீறிட்டு எழுந்தது. அக்கா மட்டும் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா, உங்களுக்குக் கேக்கலையா?"

"என்ன?"

"அந்தச் சத்தம்."

"எந்தச் சத்தம்?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

படிக்கட்டில் என் வீட்டுக்காரர் மனசைக் கேட்கிறவர், காதைப் பிளக்கிற ஊதலைக் கேட்கவில்லை. எனக்கு அது விளங்கவே இல்லை. கேட்காமலும் விட்டுவிட்டேன்.

தொண்ணூற்றொன்பதில் என் தங்கை கல்யாணத்துக்கு நான் மட்டும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. டிராவல் ஏஜென்ட் மலிவாக ஒரு டிக்கெட் பிடித்துக் கொடுத்தார். அதில் ஒரு பகல் பூரா ரோமில் காத்துக் கிடக்க வேண்டும். பொது லாண்டரி அறையில் டிரையர் சுற்றி முடியக் காத்திருந்தபோது அக்காவிடம் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவர் துவாய் மடிப்பதை நிறுத்தாமல், "நான் ரோமில ரெண்டு மாசம் இருந்தனான்" என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. என்னல்லாம் பாத்தீங்க என்று, அவர் எங்களைக் கேட்பாரே, அந்த மாதிரிக் கேட்டேன்.

"ஒரு கட்டில். ஒரு ஜன்னல் சீலை."

அப்புறம்தான் கதை வந்தது. சண்டை முற்றின சமயம், தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருத்தனை நம்பிக் கிளம்பியிருக்கிறார். கனடாவுக்கு என்று பேச்சு. வழியில் ஒரு மூடின வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு அறையில் விட்டார்கள். இது ரோம், சத்தம் காட்டாமல் இருங்கோ, வெளியே போனால் பொலிஸ், திரையைத் தொடக்கூடாது, சொன்ன உடனே கிளம்ப ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். இவர்களைத் தவிர அங்கே இன்னும் சிலர். நடுவில் தம்பிக்குக் காய்ச்சலும் இருமலும். இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்டால் இவனை ரோட்டில் விட்டுவிடுவேன் என்று அவன் மிரட்டினான். அக்கா தம்பியின் வாயில் துவாயைப் பொத்திக்கொண்டு இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்தில ஒரு கோயில் மணி பிள்ளை. ரெண்டு பெரிய மணி சேந்து அடிக்கும். அது நிண்டாப் பிறகு ஒரு சின்ன மணி, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளை மாதிரி, தனிய அடிக்கும். அந்தச் சின்ன மணிக்குத்தான் நேர்த்தி வைச்சனான். இவன்ர இருமல் நிக்கட்டும், நான் திரும்பி வந்து உன்ர கோயிலில என்ர கையால மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு."

இருமல் நின்றது. அவர்களை எங்கெங்கோ சுற்றி அனுப்பினார்கள். தம்பி ஒரு வழியாக டொரண்டோ போய்ச் சேர்ந்தார். அக்கா டெக்சஸில் சிக்கி, அகதிக் கேஸ் நடத்தி, கடைசியில் சிட்டிசன் ஆனார். தம்பி இப்போது லாரி ஓட்டுகிறார், நல்ல தொந்தி. அந்த இருமல் அவருக்கு ஞாபகமே இல்லையாம். அம்மாவுக்கு மட்டும் அக்கா ரோமில் இருந்த விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்து, ஊர்க் கோயில் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். மகள் பாப்பாண்டவருக்குப் பக்கத்தில் இருந்து செபிக்கிறாள் என்று அந்தத் தாய் சாகும்வரைக்கும் தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறார்.

அடுத்த வாரம் அக்கா என் வீட்டுப் படியேறி வந்து, அதே விமானத்தில் தானும் ரோமுக்கு வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நாள். நான் ராத்திரி மெட்ராஸ் விமானம் ஏறிவிடுவேன், அவர் ஏர்போர்ட்டிலேயே இருந்து விடிந்ததும் டல்லஸ் திரும்பிவிடுவார். தனியே போகத் தைரியம் வராமல்தான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டாராம். கோயில் பெயர் தெரியாதே, ஒரு நாளில் எப்படி என்றேன். அந்த ஊர்ச் சத்தம் தனக்குத் தெரியும், அது போதும் என்றார். பஸ்ஸில் கூட்டத்தோடு போனால் நம் இஷ்டத்துக்கு நிற்கமாட்டார்கள் என்று, தனியாக ஒரு கைடை ஏஜென்ட் மூலமாகப் பேசியும் வைத்துவிட்டார். இர்விங்கில் மெக்சிகன் மளிகைக் கடையில் மாதாவின் படம் போட்ட உயரமான கண்ணாடிக் குவளையில் மெழுகுவத்தி விற்பார்கள். அதில் ஒன்றைத் துவாயில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டார்.

ரோம் ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் காட்டும் வரிசையில் அக்கா தன் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். என் இந்தியப் பாஸ்போர்ட்டை அந்த ஆள் புரட்டிப் புரட்டிப் பார்த்து, விசாவைச் சுரண்டாத குறையாகச் சோதித்தார். அக்காவின் நீல அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கினார், முத்திரை குத்தினார், கொடுத்துவிட்டார். தாண்டி வந்து கொஞ்ச தூரம் நடந்தபிறகு அக்கா நின்றார்.

"என்ர முகத்தை அவன் பாக்கவே இல்லை பிள்ளை" என்றார். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ரயில் நிலையத்தில் கைடு அம்மாள் காத்திருந்தார். ஐம்பது தாண்டியிருக்கும். கட்டையான குரல், கையில் மடக்கின குடை, நடந்து நடந்து தேய்ந்த ஆனால் பாலீஷ் போட்ட செருப்பு. கொலோசியம், கோட்டை, நீரூற்று, பாப்பாண்டவர் கோயில் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா தன் இங்கிலீஷில், அதெல்லாம் வேண்டாம், ஒரு மணி தேடவேண்டும் என்றார். எந்தக் கோயில், எந்தத் தெரு, எந்தப் பேட்டை என்று அந்த அம்மாள் கேட்க, எதுவும் தெரியாது, ரெண்டு பெரிசு, ஒரு சின்னது, சின்னது பிந்தி அடிக்கும் என்று இவர் சொல்ல, எனக்கே சங்கடமாகப் போயிற்று. தலைமுடியை எண்ணினாலும் எண்ணலாம், இந்த ஊர்க் கோயிலை எண்ண முடியாது என்கிற மாதிரி கைடு கையை விரித்தார். ஆனாலும் முகத்தில் ஒரு ஆர்வம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக அதே தூணையும் அதே சிலையையும் காட்டிச் சலித்தவர் போல.

நடந்தோம். ஒவ்வொரு பழைய கோயில் வாசலிலும் போய் நிற்போம். அடிக்கிற நேரம் வரைக்கும் படியில் உட்கார்வோம். மணி அடிக்கும். அக்கா கண்ணை மூடிக் கேட்டு, தலையை ஆட்டுவார். இல்லை. எழுந்து அடுத்த தெரு. சில இடத்தில் மணி ஒன்றுதான். சில இடத்தில் மூன்று இருந்தும் எல்லாம் சேர்ந்து அடித்தன. உச்சி வேளையில் ஊரிலுள்ள அத்தனை மணியும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தபோது, தெரு நடுவில் அக்கா ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பி நின்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தோம். வழியில் எத்தனையோ அழகெல்லாம் கடந்து போயிற்று, உடைந்த மண்டபம், பச்சைக் கதவு, பூத்தொட்டி. பாருங்கக்கா என்றால், "நீர் பாரும்" என்று விட்டுவிடுவார். பையை நான் தூக்குகிறேன் என்றபோதும் தரவில்லை. முந்தின நாள் விமானத்தில் தூங்காதது, சோறு கிடைக்காதது, கல்பாவின தெரு எல்லாம் சேர்ந்து என் முழங்காலில் இறங்கியிருந்தது. அக்காவுக்கு இன்னும் மோசம். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நடந்தார்.

பின்னேரம் ஒரு பெரிய சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். எதிரே அகலமான படிக்கட்டு மேலே மேலே போகிறது. உச்சியில் ஒரு கோயில், ரெண்டு கோபுரம். அதுதான் அன்றைக்குக் கடைசி. அடிக்கும்வரை காத்திருக்கலாம் என்று கீழே நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தோம். கல்லில் செதுக்கின படகு, பாதி மூழ்கினது போல, அதற்குள்ளிருந்து தண்ணீர் வழிகிறது. எங்களைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, கைடு அந்தக் கல் படகைத் தட்டி, ரோமில் இருக்கிற ஒரே கப்பல் இதுதான் என்றார்.

அக்கா நிமிர்ந்தார்.

"மற்றதுகள்?" என்றார் இங்கிலீஷில். காலையில் ஊதுகிற கப்பல்கள், அந்தப் பெரிய கப்பல்கள் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

என்ன கப்பல் என்று கைடு கேட்டார். விடியுமுன் கப்பல் ஊதும், பிறகு கீழே மீன்காரிகள் சத்தம், அதற்குப் பிறகுதான் பூசை மணி, தினமும் அந்த ஒழுங்கில்தான் கேட்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். கைடு அம்மாள் சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்கவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். இந்த ஊரில் கப்பல் இல்லை. மத்தியானம் கடந்து வந்தோமே, அந்த ஆறுதான் இருக்கிறது, அதில் கப்பல் வராது. கடல் இங்கிருந்து தூரம். நேப்பிள்ஸாக இருக்கலாம். ஜெனோவாவாக இருக்கலாம். எதுவானாலும், அம்மா, நீங்கள் இருந்த அறை ரோமில் இல்லை.

எனக்கு உடனே கால்வெஸ்டன் ஞாபகம் வந்தது. துறைமுகத் தெருவில் பிறந்தவருக்குக் கப்பல் ஊதுவது காக்கை கரைகிற மாதிரி. ஊர் என்று இருந்தால் கப்பல் ஊதத்தானே செய்யும்? ரோமில் ஏன் ஊதுகிறது என்று கேட்க அவருக்குத் தோன்றியே இருக்காது. நர்சிங் ஹோமில் நின்றுகொண்டும், இரும்புப் படிக்கட்டை ஒட்டின வீட்டில் உட்கார்ந்துகொண்டும், பன்னிரண்டு பதிமூன்று வருஷமாக அந்த அறையைக் காதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஒன்றை மட்டும் தனிச் சத்தமாகக் கேட்கவே இல்லை.

அக்கா கையைத் தண்ணீரில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கெட்டிக்காரன், அந்த ஏஜென்சிக்காரன்" என்றார், என்னிடம். "கத்தோலிக்கச் சனம். ரோமெண்டு சொன்னா வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கும் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்களும் கிடந்தம்." பிறகு, "அம்மா பாவம்" என்றார்.

மேலே மணி அடித்தது. அது அந்த மணி இல்லை. கைடு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடவுள் எல்லாக் கோயிலிலும் ஒருவர்தானே, மேலே போய்க் கொளுத்திவிடுங்கள் என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டார். "நான் இருமலைச் சொன்னது அந்தச் சின்ன மணிக்கு. இந்தக் கோயிலுக்கு என்ன தெரியும்?" நேப்பிள்ஸுக்கு இன்னொரு தடவை வரலாம் அக்கா, நானும் வருகிறேன் என்று ஏதோ உளறினேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அப்ப நான் இந்த ஊருக்கு இதுக்கு முன்னம் வரவே இல்லை" என்றார், கணக்குப் போடுகிற மாதிரி. "இண்டைக்குத்தான் வந்திருக்கிறன்."

எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். தோளிலிருந்த கறுப்புப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். உள்ளே கண்ணாடிக் குவளை என் தொடையில் இடித்தது.

"இதைப் பிடியும் பிள்ளை. நீர் இதில இரும். நான் பாத்திட்டு வாறன்."

கைடு கூடவே போக எழுந்தார். அக்கா வேண்டாமென்று கை காட்டினார். தனியாகவே படி ஏறினார். நாலு படிக்கு ஒருக்கா நின்றார். சிரிக்கிற, படம் பிடிக்கிற, ஐஸ்கிரீம் தின்கிற கூட்டத்துக்குள் அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாராவது பக்கத்தில் வந்தால் கை தானாக இறுகிற்று. பார்க்க எவ்வளவோ இருந்தது, ஒன்றையும் பார்க்க முடியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டிருப்பது முழு நேர வேலை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விமானத்துக்கு நேரமாகிறது என்று கைடு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபிறகுதான் இறங்கி வந்தார். ஏர்போர்ட் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் பையைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பொது இடத்தில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்து நான் பார்த்ததே இல்லை.

"என்னக்கா பாத்தீங்க?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "படி பிள்ளை. சரியான உயரம். மேல போனா, ஏறி வந்த சனமெல்லாம் கீழதான் பாத்துக்கொண்டு நிக்குது. நானும் பாத்தன்."

"என்ன தெரிஞ்சுது?"

"நீர்தான். என்ர பையை மடியில வைச்சுக்கொண்டு, அங்கால இஞ்சால அசையாமல் இருந்தீர்." ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "மேல நிண்டு பாக்க, பாவமாக் கிடந்தது."